ஊராட்சித் தலைவருக்கு நிஜமாகவே அதிகாரம் இருக்கிறதா?

"73ஆவது அரசமைப்புத் திருத்தம் கிராம ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் தந்ததா, வெறும் கையெழுத்துப் போடும் வேலைதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊர் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, வீட்டில் உங்களை நிற்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. அப்படி நின்று ஜெயித்து, 2020 ஜனவரியிலிருந்து 2025 ஜனவரி வரை தலைவராக இருந்தவள் நான். கையெழுத்து என்றாலே எனக்குச் சூடு ஏறும்.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தத் திருத்தம் அமலுக்கு வந்த 1993 ஏப்ரல் 24 முதல் ஐந்து வருடப் பதவிக்காலம், கிராம சபை, இட ஒதுக்கீடு எல்லாம் கட்டாயம். ஆனால் அரசமைப்பின் 11ஆவது அட்டவணையில் ஊராட்சிகளுக்கென்று பட்டியலிட்ட 29 துறைகளில் எதை, எவ்வளவு ஊராட்சியிடம் கொடுப்பது என்பது மாநிலத்தின் விருப்பம். கேரளா 1996இல் மக்கள் திட்டமிடலைத் தொடங்கித் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. இங்கே தமிழ்நாட்டில் 2016இல் நடக்க வேண்டிய ஊராட்சித் தேர்தலே 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும்.

இனி என் கதை. 2022 சித்திரையில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரில் காயில் கருகிவிட்டது. மெக்கானிக் கடனுக்கே கட்டிக் கொடுத்தார். ஊராட்சிக் கணக்கில் பணம் இருக்கிறது, மன்றத் தீர்மானமும் ஆகிவிட்டது. ஆனால் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் துணைத் தலைவர் எதிரணி. "பார்க்கலாம்" என்றே நாளைக் கடத்தினார். (எல்லாத் துணைத் தலைவர்களும் இப்படி என்று நான் சொல்லவில்லை. தலைவர் தின்றுவிடாமல் பார்க்கத்தான் அந்த இரண்டாவது கையெழுத்து, அது வேண்டும்தான்.) வட்டார அலுவலகத்தில் சொன்னால், "பேசித் தீர்த்துக்கோங்கம்மா."

மே 1 கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது அந்த பில்லையும் வாசித்தேன். கையெழுத்து ஏன் விழவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் இல்லாமல் வயல் கிணற்றுக்குக் குடம் தூக்கிப் போன பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள், அவர்களே துணைத் தலைவரைக் கேள்வி கேட்டார்கள். மறுநாள் காலை காசோலை புத்தகம் எங்கே என்று அவரே வந்து நின்றார். சட்டம் எனக்குக் கொடுத்ததில் உருப்படியானது எது என்றால், அந்தக் கூட்டத்தைத்தான் சொல்வேன்.

"உன் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த பதிலா?" என்று கீழே வந்து கேட்பவர்களுக்கு: அவருக்குத் தமிழ் டைப் பண்ண வராது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தீர்மானம் போட்டு, மதிப்பீட்டுக்கு அலைந்து போட்ட சிமெண்ட் சாலையின் கல்வெட்டில் வராதவர் பெயரெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கிறது. என் பெயர் கடைசி வரியில், அதுவும் எழுத்துப் பிழையோடு. திருத்தச் சொன்னால், "கல்லுல வெட்டியாச்சும்மா."

சரி, தேர்தலில் நில்லுங்கள். ஓட்டுக் கேட்கும்போதே வார்டு உறுப்பினராக நிற்பவர்களிடமும் பேசி வையுங்கள். தலைவரை ஊர் தேர்ந்தெடுக்கிறது, துணைத் தலைவரை அவர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.