எலும்பின் பெயர் தெரிகிறது, பக்கம் தெரியவில்லை: என்ன செய்வது?

கேள்வி: பிசியோதெரபி முதலாண்டு மாணவி நான். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தேன். எலும்புகளின் பெயர்களைத் தலையிலிருந்து கால்வரை ஒப்பித்துவிடுவேன். ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) ஓர் எலும்பைக் கையில் கொடுத்து "இது வலதா, இடதா?" என்று கேட்டால் விழிக்கிறேன். மூட்டு வகைகளும் ஒன்றோடொன்று குழம்புகின்றன. எப்படிப் படித்தால் மனதில் நிற்கும்?

பதில்: நீங்கள் படித்திருப்பது பட்டியல், தேர்வாளர் கேட்பது வடிவம். பாடநூல்களிலும் எலும்புகள் ஓர் அத்தியாயம், மூட்டுகள் வேறோர் அத்தியாயம் என்று பிரிந்து கிடப்பதால் இந்தச் சிக்கல் பலருக்கும் வருகிறது. வரிசையை மாற்றுங்கள். முதலில் ஒரு மூட்டை எடுங்கள். அங்கே சேரும் எலும்புகளை ஒன்றாக வைத்துப் படியுங்கள். எலும்பின் முனை ஏன் உருண்டை, ஏன் பள்ளம் என்பதற்கு விடை பெரும்பாலும் எதிரே இருக்கும் எலும்பில்தான் இருக்கிறது.

அதற்கு முன், உடலின் மொத்த எலும்புகள் 206 என்ற எண்ணின் மிரட்டலைக் கொஞ்சம் இறக்கிவைப்போம். ஒரு கையில் மணிக்கட்டையும் சேர்த்து 27, ஒரு பாதத்தில் 26. இரு பக்கமும் சேர்த்தால் 106, அதாவது மொத்தத்தில் பாதிக்கு மேல். உங்கள் படிப்புக்கு முதுகெலும்பாக இருப்பவை பத்தே எலும்புகள். மேலே கிளாவிக்கிள் (காறை எலும்பு), ஸ்கேபுலா (தோள்பட்டை எலும்பு), ஹியூமரஸ் (மேற்கை எலும்பு), ரேடியஸ் (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு), அல்னா (முன்கையில் சுண்டுவிரல் பக்க எலும்பு). கீழே இடுப்பெலும்பு, ஃபீமர் (தொடை எலும்பு), பட்டெல்லா (முழங்கால் சில்லு), டிபியா (கீழ்க்காலின் உட்பக்கப் பெரிய எலும்பு), ஃபிபுலா (கீழ்க்காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பு). இவை கைக்கு வசப்படும்வரை மண்டை ஓட்டின் பக்கமே போகாதீர்கள்.

முழங்கையிலிருந்து தொடங்குங்கள். ஹியூமரஸின் கீழ்முனையில் உடலின் நடுக்கோட்டுப் பக்கம் கப்பி போன்ற ட்ராக்ளியா. வெளிப்பக்கம் சிறு உருண்டையான கேபிடுலம். அல்னாவின் வளைந்த வாய் ட்ராக்ளியாவைக் கவ்விக்கொள்கிறது. அதனால் அங்கே மடக்கலும் நீட்டலும் மட்டுமே நடக்கும். அது கீல் மூட்டு. ரேடியஸின் தலையோ வட்டத் தட்டு. அது கேபிடுலத்தின்மேல் சுழல்கிறது. அல்னாவோடு அதைப் பிணைக்கும் வளையத் தசைநாருக்குள்ளும் சுழல்கிறது. ரேடியஸுக்கும் அல்னாவுக்கும் இடையிலான இந்த மூட்டுதான் பிவட் (சுழல் மூட்டு). இப்போது வலது முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புங்கள். இடக்கை விரல்களால் தொட்டுப் பார்த்தால் அல்னா ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். ரேடியஸ்தான் அதன் குறுக்கே புரண்டு வரும்.

அங்கேயே இன்னொன்றையும் பாருங்கள். கையை நீட்டியிருக்கும்போது முழங்கையின் பின்முனையும் இருபுறத்து எலும்பு மேடுகளும் ஒரே கோட்டில் இருக்கும். மடக்கினால் மூன்றும் முக்கோணமாகும். முழங்கை பின்புறம் நழுவினால் இந்த ஒழுங்கு கலையும். மூட்டுக்குச் சற்று மேலே ஹியூமரஸ் முறிந்தால் கலையாது. நாளை உங்களிடம் வரும் நோயாளிக்கும் இது உதவும்.

பக்கம் கண்டுபிடிக்க ஒவ்வோர் எலும்பிலும் மூன்றை மட்டும் தேடுங்கள்: மேல்முனை எது, பின்புறம் எது, நடுக்கோட்டைப் பார்ப்பது எது. ஹியூமரஸில் தலை மேலே, நடுக்கோட்டைப் பார்த்து. கீழ்முனையின் ஆழமான குழி பின்னால். ஃபீமரிலும் தலை அப்படியே. தண்டின் பின்னால் கரடுமுரடான நீள வரம்பு. எலும்பை உங்கள் உடம்போடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் விடை தானாக வரும். தொல்லை தருபவை இரண்டு. கிளாவிக்கிளில் தட்டையான முனை தோள்பக்கம், தடித்த முனை மார்புப்பக்கம். மார்புப்பக்கத்து மூன்றில் இரண்டு பங்கு முன்னோக்கிப் புடைத்திருக்கும். தண்டின் அடியில் ஒரு நீளப் பள்ளம். ஃபிபுலாவில் கீழ்முனையின் முக்கோண வழவழப்பு உட்பக்கம் பார்க்கும். அதற்குப் பின்னால் சிறு குழி.

மூட்டு வகைகளைப் பொறுத்தவரை, உதாரணங்களை உருப்போடாமல் எத்தனை அச்சில் அசைகிறது என்று கேளுங்கள். கீலும் பிவட்டும் ஓரச்சு. மணிக்கட்டின் நீள்வட்ட மூட்டும் கட்டைவிரல் அடியின் சேண மூட்டும் ஈரச்சு. தோளும் இடுப்பும் பந்துகிண்ணம், மூவச்சு. "ஆமாம்" என்று தலையசைப்பது மண்டைக்கும் அட்லஸுக்கும் (கழுத்தின் முதல் முள்ளெலும்பு) இடையே. "இல்லை" என்பது அட்லஸுக்கும் ஆக்ஸிஸுக்கும் (இரண்டாம் முள்ளெலும்பு) இடையே. முழங்காலைக் கீல் என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை மடக்கியபடி பாதத்தை உள்ளும் வெளியும் திருப்புங்கள். டிபியா சற்றே சுழல்வது தெரியும். அதனால்தான் அதை மாறுபட்ட கீல் என்கிறார்கள்.

மணிக்கட்டின் எட்டு எலும்புகளின் பெயர்களை நினைவில் வைக்கச் சீனியர்கள் சொல்லித்தரும் ஆங்கில வாக்கியங்கள் வீட்டில் உரக்கச் சொல்லக்கூடியவை அல்ல. நீங்களே தமிழில் ஒன்று கட்டுங்கள், நன்றாகவே ஒட்டும். ஆனால் அந்த எட்டில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஸ்கேஃபாய்டை மட்டும் தனியாகப் படியுங்கள். கையூன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரல் அடியின் குழியில் வலித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். அதன் ரத்த ஓட்டம் பெரும்பாலும் விரல்பக்க முனையிலிருந்து நுழைவதால், நடுவில் முறிந்தால் முன்கைப்பக்கத் துண்டு செத்துப்போகும் அபாயம் உண்டு.

விடைத்தாளில் ஆங்கிலப் பெயர்கள்தான் வேண்டும். விளக்கத்தையோ முதலில் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். எந்த இடத்தில் புரியவில்லை என்பது அப்போதுதான் பிடிபடும்.

எலும்பு வாங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒரு காலத்தில் கொல்கத்தாவிலிருந்து எலும்புக்கூடுகள் உலகெங்கும் போயின. 1985இல் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று யாராவது உண்மையான எலும்பு விற்க வந்தால் வாங்காதீர்கள். பிளாஸ்டிக் மாதிரி போதும். விலை குறைந்தவற்றில் வரம்புகளும் பள்ளங்களும் மழுங்கியிருக்கும். நுணுக்கங்களுக்குக் கல்லூரித் துறையின் எலும்புகளையே நாடுங்கள். செல்போனில் சுழலும் முப்பரிமாணப் படம் உதவும், ஆனால் விரலுக்குப் பயிற்சி தராது.

தேர்வுக்கு முந்தைய வாரம் தோழி ஒருத்தியை எதிரே உட்காரவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அவள் கொடுக்கும் எலும்பைத் தடவியே பெயரும் பக்கமும் சொல்லுங்கள். பட்டெல்லாவுக்கு மட்டும் கண் வேண்டும்: கூர்முனை உங்களுக்கு அப்பால் இருக்கும்படி, வழவழப்பான முகம் அடியில் இருக்க மேசைமேல் வையுங்கள். அகலமான வெளிப்பக்க முகம் இருக்கும் பக்கமாக அது சாயும். வலப்பக்கம் சாய்ந்தால் வலது, இடப்பக்கம் சாய்ந்தால் இடது.