எட்டு அறைக்கு ஒரு லினக்ஸ் சர்வர் தேவையா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எட்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். 100 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பு. சீசனில் அறையெல்லாம் நிரம்பினால் சாயங்காலம் நெட் நகர மாட்டேன் என்கிறது. லேப்டாப்போடு வந்து இங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள், மீட்டிங் அறுந்துபோகிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். ஆளுக்கு இவ்வளவுதான் டவுன்லோடு என்று கட்டுப்படுத்த ‘லினக்ஸ் ப்ராக்ஸி சர்வர்’ போட வேண்டும் என்கிறார் கோவைக் கடைக்காரர் ஒருவர். மெஷினுக்கு 42,000 ரூபாய், மென்பொருள் லைசென்ஸுக்கு வருஷம் 9,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் அந்த 9,000 என்னவென்று கேளுங்கள். ப்ராக்ஸி என்பது எல்லோருடைய இணையக் கோரிக்கையையும் நடுவில் வாங்கி அனுப்பும் மென்பொருள். லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் அது பெரும்பாலும் ஸ்குவிட்தான். அதுவும் லினக்ஸும் கட்டற்ற மென்பொருள்கள், இவற்றுக்கு வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட வேண்டியதில்லை. நிறுவித் தரவும், பழுதானால் மலையேறி வந்து பார்க்கவும் கூலி கேட்டால் அது நியாயம். அதை ‘சர்வீஸ்’ என்றே பில்லில் எழுதட்டும். வேறு கம்பெனி மென்பொருள் என்றால் அதன் பெயர் பில்லில் வரட்டும்.

விலையை விடுங்கள், இந்தக் கருவி உங்கள் வேலைக்குப் பொருந்தாது. ஸ்குவிட்டில் ‘டிலே பூல்’ என்றொரு வசதி உண்டு. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்த மாதிரி. தொட்டியில் இருப்பு உள்ளவரை பக்கங்கள் சட்டென்று திறக்கும். பெரிய கோப்பை இழுத்தால் தொட்டி வற்றி, ஊறுகிற வேகத்துக்கே டவுன்லோடு இறங்கிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ப்ராக்ஸி வழியாகப் போவதை மட்டுமே அது பிடிக்கும். வந்த விருந்தாளி தன் போனில் உங்கள் ப்ராக்ஸி முகவரியையும் 3128 என்ற போர்ட் எண்ணையும் போட்டுக்கொண்டா உட்காருவார்? ‘அவருக்குத் தெரியாமல் ரூட்டரிலேயே திருப்பிவிடலாம்’ என்று கடைக்காரர் சொல்வார். அதுவும் முழுதாகக் கைகொடுக்காது. யூடியூப் போன்றவை பெரும்பாலும் க்விக் என்ற முறையில், யுடிபி என்ற தனி அனுப்பு வழியாக ஓடுகின்றன. ஸ்குவிட் அதைத் தொடுவதில்லை. யுடிபியை மொத்தமாக அடைத்தால் வீடியோ மீட்டிங்கும் சேர்ந்து தடுமாறும்.

இன்னொன்று, சாயங்கால நெரிசலுக்கு டவுன்லோடு மட்டுமே காரணமாக இருக்காது. தொட்டபெட்டா, கோடநாடு காட்சிமுனை என்று பகலெல்லாம் சுற்றி எடுத்த படமும் வீடியோவும், அறைக்குத் திரும்பி வைஃபை கிடைத்ததுமே தானாக கிளவுடுக்கு ஏறத் தொடங்கும். அப்லோடு அடைத்துக்கொண்டால் டவுன்லோடும் திணறும். வந்து சேர்ந்த தரவுக்கு ‘கிடைத்தது’ என்று போன் திருப்பி அனுப்பும் பதிலும் அதே வரிசையில்தானே நிற்க வேண்டும்? மீட்டிங்கில் பேசுகிறவர் குரலும் அங்கேதான் நிற்கிறது. டிலே பூல் டவுன்லோடுக்கு மட்டுமானது, இந்த வரிசையைக் கண்டுகொள்ளாது.

உங்களுக்கு வேண்டியது ரூட்டரிலேயே பங்கு பிரிக்கும் வசதி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், 2018-இல் வந்த 4.19 பதிப்பிலிருந்து ‘கேக்’ என்ற, தரவை வரிசைப்படுத்தி அனுப்பும் முறை இருக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருள் ஓடும் ரூட்டரில் ‘எஸ்க்யூஎம்’ என்ற பெயரில் இதைப் போட்டுக்கொள்ளலாம். மைக்ரோடிக் கம்பெனி ரூட்டர்களில், அவற்றின் மென்பொருளான ரூட்டர்ஓஎஸ் ஏழாம் பதிப்பு இருந்தால் அதிலும் உண்டு. அந்த நேரத்தில் எத்தனை கருவிகள் இழுக்கின்றனவோ, அவற்றுக்குள் சமமாகப் பிரித்துக்கொடுக்கும், அப்லோடையும் சேர்த்து. ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் என்று பூட்டுவதைவிட இது மேல். பூட்டிவிட்டால், அடைமழையில் ஒரே ஒருவர் தங்கியிருக்கும் நாளிலும் அவருக்கு 5தான், மிச்சம் 95 சும்மா கிடக்கும். பங்கு கருவிக்குத்தானே தவிர அறைக்கு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலு போனோடு வரும் குடும்பத்துக்கு நாலு பங்கு போகும்.

அமைக்க வருபவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். வேக வரம்பை 100-க்குக் கொஞ்சம் கீழே, 90 என்பதுபோல வைத்தாரா? அப்போதுதான் வரிசை உங்கள் ரூட்டரில் நிற்கும், இல்லாவிட்டால் இணைப்புக் கம்பெனியின் பெட்டியில் போய் நிற்கும். ‘நாட்’ (பல கருவிகள் ஒரே இணைய முகவரியில் வெளியே போவதைக் கணக்கில் கொள்வது) தேர்வைப் போட்டாரா? அதை விட்டுவிட்டால் கருவிவாரியாகப் பங்கு பிரியாது.

மலிவான ரூட்டர்களின் சிப் இந்த வேலைக்கு மூச்சு வாங்கும். அதனால் உங்கள் இடத்திலேயே சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள்: ஒரு லேப்டாப்பில் பெரிய டவுன்லோடு, இன்னொன்றில் அப்லோடு, மூன்றாவதில் வீடியோ அழைப்பு. அழைப்பு அறுபடாமல் இருந்தால் சரி. கருங்கல் சுவரைத் தாண்டி வைஃபையே எட்டாத அறை இருந்தால் அதற்கு வைத்தியம் வேறு, அங்கே கேபிள் இழுத்து இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் கருவி) வைக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. நாளை நீங்கள் உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். ஜிஎஸ்டி பில்லும், ‘இன்ன சோதனையில் தேறாவிட்டால் பணம் திருப்பித் தரப்படும்’ என்ற ஒரு வரியும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: கூடலூர் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் கம்ப்யூட்டர் லேபில் 20 கணினிகள். ஒரு பையன் படம் இறக்கினால் வகுப்பே நின்றுவிடுகிறது. எங்களுக்கும் ஸ்குவிட் வேண்டாமா?

பதில்: உங்களுக்கு அது சரிப்படும். கணினிகள் உங்களுடையவை, ப்ராக்ஸியை நீங்களே பதித்துவிடலாம். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், ஒதுக்கி வைத்த பழைய கணினி ஒன்று போதும். டிலே பூலில் இரண்டாம் வகை, மொத்தத்துக்கு ஒரு வரம்பும் கணினிக்கு ஒரு வரம்பும் தரும். எண்ணைப் போடும்போது கவனம்: ஸ்குவிட் கேட்பது விநாடிக்கு எத்தனை பைட் என்று, பிட் அல்ல (எட்டு பிட் ஒரு பைட்). 4 எம்பிபிஎஸ் வேண்டுமென்றால் 5,00,000 என்று போட வேண்டும். ப்ராக்ஸியைத் தவிர வேறு கணினி நேராக வெளியே போக முடியாதபடி ரூட்டரில் அடைத்துவிடுங்கள். செட்டிங்கை எடுத்துவிட எட்டாம் வகுப்புப் பையனுக்கு அரை நிமிஷம் ஆகாது.

கேள்வி: குன்னூரில் எங்கள் வீட்டு பிளானில் மாத அளவைத் தாண்டியதும் வேகம் விழுந்துவிடுகிறது. ப்ராக்ஸி போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. வேகத்தைக் குறைப்பது இணைப்புக் கம்பெனி. டிவியில் வீடியோ தரத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள், அப்படியும் மாதக் கடைசி வரை தாங்காவிட்டால் அடுத்த பிளானுக்கு மாறுங்கள்.