பரணில் கிடக்கும் சைக்கிள்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மன்றத்துப் பிள்ளைகள் தெருத்தெருவாகப் போய் 22 பழைய சைக்கிள்கள் சேர்த்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள்கள். சரிசெய்து இல்லாதவர்களுக்குக் கொடுக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், செங்கோட்டை)

பதில்: நோட்டுப் புத்தகத்திலிருந்து. கொடுத்தவர் கையெழுத்தும் ஃப்ரேமில் அடித்த எண்ணும் அதில் ஏறட்டும். திருட்டு சைக்கிள் ஒன்று கலந்தாலும் மன்றத்துக்கே கெட்ட பெயர். எண் பெரும்பாலும் சீட்டுக்குக் கீழே அல்லது பெடல் அச்சுக் குழாயின் அடியில் இருக்கும். துருவைத் தேய்த்தால் தெரியும்.

அடுத்து, தரம் பிரியுங்கள். ஹேண்டில்பார் இறங்கும் குழாயோடு கீழ்க்குழாய் சேருகிற இடத்தில் பெயின்ட்டில் முடி போல ஒரு கோடு ஓடினால் அது விரிசல். அந்த ஃப்ரேமைப் பற்றவைத்துக் கொடுக்காதீர்கள், உதிரிபாகத்துக்கு ஒதுக்குங்கள். 22-ஐயும் ஓடவைத்தே தீருவது என்று உட்கார்ந்தால் ஒன்றும் முடியாது. டயர் வாங்கும்போது அளவைப் பக்கவாட்டில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். 26 × 1 3/8 டயர் 26 × 1.75 ரிம்மில் உட்காராது. பால்ரஸ் (அச்சில் உருளும் இரும்புக் குண்டுகள்) பெரும்பாலும் முன் வீலில் பக்கத்துக்கு 10 (3/16 இஞ்ச்), பின் வீலில் 9, பெடல் அச்சில் 11 (இரண்டும் கால் இஞ்ச்). பழசோடு புதுசைக் கலக்க வேண்டாம், செட்டாகவே மாற்றுங்கள்.

கேள்வி: ஓவராயில் (முழுதாகக் கழற்றிப் பூட்டும் வேலை) செய்த சைக்கிளில், மிதிக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டொக்’ என்று ஒரு சத்தம். (வாசகர், புளியரை)

பதில்: பெரும்பாலும் கட்டர்பின்தான் (பெடலைத் தாங்கும் கையான கிராங்கை அச்சோடு இறுக்கும் ஆப்பு). அதன் சாய்ந்த முகம் அச்சில் முழுதாகப் படியவில்லை. அப்படியே ஓட்டினால் கிராங்கின் துளை அகன்று, புதுப் பின் போட்டாலும் சத்தம் நிற்காது. கழற்றும்போது நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்திவிட்டு அடியுங்கள், மரை நசுங்காது. பழைய பின்னைக் கடைக்குக் கொண்டுபோய் அதே தடிமனில் வாங்குங்கள். புதுப் பின்னின் முகத்தை அரத்தால் மட்டமாக்கி, கிராங்குக்குக் கீழே இரும்புக் கட்டை முட்டுக்கொடுத்துச் சுத்தியால் இறக்குங்கள். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடியெல்லாம் உள்ளே இருக்கும் பால்ரஸுக்குப் போகும். இரண்டு பக்கத்துப் பின்னும் எதிரெதிர்த் திசையில் இறங்க வேண்டும். ஒரே திசையில் இறக்கினால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காது. நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டியபின் நட்டை இன்னொரு முறை முறுக்குங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

கேள்வி: சாரல் காலத்தில் செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறோம். சரியா? (வாசகி, ஆரியங்காவு)

பதில்: வேண்டாம். நாள்பட்டால் பிசுபிசுத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மெஷின் ஆயிலைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். இறுக்கத்துக்கு, செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை இஞ்ச் ஆடினால் போதும்.

கேள்வி: நாற்பது வயதைத் தாண்டிய அக்காமார் ஓட்டப் பழகக் கேட்கிறார்கள். விழுந்துவிடுவோம் என்ற பயம். (வாசகி, பண்பொழி)

பதில்: தாராளமாகப் பழகலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள் (இடது பெடலுக்கு எதிர்மரை, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும்). இரு பாதமும் தரையில் முழுதாகப் பதியும்படி சீட்டை இறக்குங்கள். லேசான சரிவில் காலால் உந்தி நகரட்டும். பின்னால் யாரும் பிடிக்க வேண்டாம், பிடித்தால் பேலன்ஸ் பிடிபடத் தாமதமாகும். கால் தூக்கியபடி பத்துப் பன்னிரண்டு அடி போக வந்ததும் பெடலை மாட்டலாம்.

கேள்வி: இலவசமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது என்கிறார்களே? (வாசகர், தென்காசி)

பதில்: நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் சைக்கிள் கிடப்பில் விழுவது பெரும்பாலும் ஒரு பஞ்சரில்தான். ஒட்டப் பக்கத்தில் கடை இல்லை, அவ்வளவே. பல நாடுகளில் இத்தகைய பட்டறைகள், சில நாள் கூடவே நின்று வேலை பழகியவருக்குச் சைக்கிளைக் கொடுக்கின்றன. அதையே செய்யுங்கள். பஞ்சர் ஒட்டவும் பிரேக் கட்டை மாற்றவும் வந்தால் போதும். கொடுக்கும்போது கையில் ஒட்டுத்துண்டு, சொல்யூஷன், உப்புத்தாள், இரண்டு வால்வு டியூப். முதல் மாதம் ஒரு தடவை, மூன்றாம் மாதம் ஒரு தடவை சைக்கிளோடு வரச் சொல்லுங்கள். கட்டர்பின், ஸ்போக்ஸ் கம்பி, பிரேக் மூன்றையும் பார்த்து நோட்டில் தேதி போடுங்கள். வராதவர் வீட்டுக்கு ஓர் ஆள் பம்போடு போகட்டும்.