ஆற்றுக்கு எதற்குத் தேசியப் பூங்கா?

கேள்வி: அல்பேனியாவில் வியோசா என்கிற ஆற்றையே தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்களாமே? கயாக் என்கிற சிறு துடுப்புப் படகு விடுகிற நாலு பேர் ரசிப்பதற்காக ஒரு ஏழை நாடு மின்சாரத்தை விட்டுக்கொடுப்பது சரியா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: நாலு பேர் விஷயமாக இருந்திருந்தால் அந்த ஆறு இந்நேரம் ஏரியாகியிருக்கும். வியோசா கிரேக்கத்தின் பிண்டஸ் மலையில் ஆவோஸ் என்ற பெயரில் பிறக்கிறது. அங்கே மூலத்தருகே ஓர் அணை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அல்பேனியாவுக்குள் வந்தபின் கடல் வரைக்கும் தடையே இல்லாமல், சரளைத் திட்டுகளுக்கு நடுவே பல கிளையாகப் பிரிந்து, ஒரு வெள்ளம் வந்தால் பாதையையே மாற்றிக்கொண்டு ஓடுகிறது.

அதன் குறுக்கே கலிவாச்சில் 2007இல் ஓர் அணை வேலை தொடங்கிப் பாதியில் நின்றது. அதற்குக் கீழே போச்செமில் இன்னொன்று கட்டத் திட்டம். அது வந்திருந்தால் குட்டே கிராமத்து வயல்கள் முழுகியிருக்கும். கிராமத்தாரும் சூழல் அமைப்புகளும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள், 2017இல் தலைநகர் திரானாவின் நிர்வாக நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

கயாக்காரர்களின் பங்கும் சின்னதில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டியில் கலந்துகொண்ட ஸ்லோவேனியாவின் ரோக் ரோஸ்மன் 2016இல் நண்பர்களோடு பால்கன் நாடுகளின் ஆறுகளில் வரிசையாக இறங்கி, கடைசியில் கயாக்குகளைத் தோளில் சுமந்துகொண்டு திரானாவில் பிரதமர் அலுவலகத்துக்கே ஊர்வலம் போனார். ஒரு நதியின் சுழல் எங்கே, பாறை எங்கே என்று உடம்பால் தெரிந்தவர்கள் அதற்காகப் பேசுவதை விளையாட்டுப் புத்தி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

சரி, மின்சாரம். அல்பேனியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் மிகப் பெரும்பகுதி ஏற்கெனவே நீர்மின்சாரம்தான், அதிலும் பெரும்பங்கு வடக்கே திரின் ஆற்று அணைகளிலிருந்து வருகிறது. மழை பொய்த்த வருஷம் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறார்கள். அப்படியிருக்க, மறுபடியும் அதே மழையை நம்பி இன்னொரு அணையா? போதாக்குறைக்கு வியோசா ஏராளமான வண்டலும் சரளையும் இழுத்து வருகிற ஆறு. குறுக்கே கட்டினால் அணை தூர்ந்துகொண்டே போகும், கீழே வண்டல் வராமல் கடற்கரை அரிக்கும். வெயிலுக்கு அங்கே பஞ்சமில்லை, காரவஸ்தா பக்கம் 140 மெகாவாட் சூரியமின் நிலையமே வந்திருக்கிறது.

2023 மார்ச்சில் பூங்கா அறிவிப்பு வந்தது. முக்கியமான துணையாறுகளும் அதில் அடக்கம், எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான், ஏனென்றால் கிளைகளை வெட்டிவிட்டு அடிமரத்தை மட்டும் காப்பாற்ற முடியாது. ஆனால் அந்தத் துணையாறுகளில் ஒன்றான ஷுஷித்சாவின் தண்ணீரைக் கடலோரச் சுற்றுலா ஊர்களுக்குக் கொண்டுபோகக் குழாய் போடும் வேலையும் தொடங்கியது. தங்கள் வயலுக்குத் தண்ணீர் இருக்காது என்று அந்தப் பள்ளத்தாக்கு ஜனங்கள் மறுபடியும் போராட வேண்டியதாயிற்று.