சூடானதும் ஐடிலிங் இறங்கி எஞ்சின் அணைகிறது: எங்கே தேடுவது?

உங்கள் 1990 ஃபோர்டு எஃப்-150, 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், சூடேறியதும் சிக்னலில் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) 450 ஆர்பிஎம்முக்கு இறங்கி அணைந்துவிடுகிறது என்கிறீர்கள். தயவுசெய்து த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவை (காற்று வழியை மூடும் தகடு எதுவரை மூடலாம் என்று நிறுத்தும் திருகாணி) திருகி வேகத்தைக் கூட்டாதீர்கள். கோளாறு மறையுமே தவிரத் தீராது.

என் முதல் சந்தேகம் ஐடில் ஏர் வால்வு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் தகடு மூடிக்கொள்ளும். அப்போது எஞ்சினுக்கு வேண்டிய காற்றை அளந்து விடுவது இதுதான். எஞ்சின் ஓடும்போதே அதன் இரண்டு கம்பி பிளக்கைக் கழற்றுங்கள். வேகம் மேலும் சரிந்தாலோ அணைந்தாலோ வால்வு வேலை செய்கிறது. மாற்றமே இல்லையென்றால், கரி படிந்து சிக்கியிருக்கும், அல்லது அதற்கு மின்சாரம் வரவில்லை. இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். உள்ளே பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும் கரியைக் கிளீனர் அடித்துக் கழுவி, புது கேஸ்கெட் வைத்து மாட்டுங்கள்.

அதில் குறையில்லை என்றால் அடுத்தது இஜிஆர் வால்வு, அதாவது வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் வால்வு. அது சற்றே திறந்தபடி சிக்கினாலும் புகை உள்ளே புகுந்து ஐடிலிங் தள்ளாடும். வேக்குவம் குழாயில் (எஞ்சினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் குழாய்) கசிவு இருந்தால், அது இந்த எஞ்சினில் பெரும்பாலும் ஐடிலிங்கை ஏற்றத்தான் செய்யும். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

வேலை முடிந்ததும் பேட்டரி நெகட்டிவ் கம்பியைச் சிறிது நேரம் கழற்றி வையுங்கள். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி பழைய அளவுகளை மறந்து புதிதாகக் கற்றுக்கொள்ளும்.