பழைய கழிவுநீர்க் குழாயைத் தோண்டுமுன்

கேள்வி: எங்கள் வீட்டுக் கழிவறையிலிருந்து வெளியே செல்லும் நிலத்தடிக் குழாய், 40 ஆண்டுகளுக்கு முன் பதித்த ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய். ஓராண்டுக்குள் நான்கு முறை அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் கம்பி விட்டுக் குத்திச் சரிசெய்கிறோம். முழுவதையும் தோண்டி மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நான்கு முறையும் அடைப்பு ஒரே இடத்தில்தானா என்பதை முதலில் அறியுங்கள். கம்பி எத்தனை அடி உள்ளே போனபின் தட்டுகிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்து வைத்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒரே இடமென்றால், கோளாறு குழாய் முழுவதிலும் இல்லை.

ஸ்டோன்வேர் குழாயின் உடல் எளிதில் கெடுவதில்லை. அதன் பலவீனம் இணைப்புகளில்தான் இருக்கிறது. சிமென்ட் கலவையால் பூசிய பழைய இணைப்பு வளைந்து கொடுக்காது என்பதால், அடியிலுள்ள மண் சிறிது இறங்கினாலும் அது விரிசல் விடும். அந்த விரிசலின் ஈரத்தைத் தேடி வரும் வேர்நுனி, உள்ளே நுழைந்ததும் தூரிகைபோல் பரந்து, காகிதத்தையும் கொழுப்பையும் பிடித்து நிறுத்துகிறது. கம்பி அதில் ஓர் ஓட்டை போடுகிறதே தவிர வேரை அகற்றுவதில்லை. வேரை வெட்டியெடுத்தாலும், கவாத்து செய்த செடிபோல் அது மீண்டும் தழைக்கும். இணைப்பிலுள்ள விரிசலை அடைத்தால்தான் தொல்லை தீரும்.

வேர் இல்லையென்றால் வாட்டத்தை, அதாவது குழாயின் சரிவைச் சந்தேகியுங்கள். நான்கு அங்குலக் குழாய்க்கு 40 முதல் 80 அடி நீளத்துக்கு ஓரடி வாட்டம் வைப்பது வழக்கம். நீர் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் திடக்கழிவு படியாமல் அடித்துச் செல்லப்படும். நடுவில் ஒரு துண்டு அமிழ்ந்திருந்தால், அங்கே நீர் தேங்கி வண்டல் சேரும். இதை உறுதிப்படுத்தக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதே சிறந்த வழி. அதற்கு முன் உயர் அழுத்த நீரைப் பாய்ச்சிக் கழுவுவார்கள். விரிசலுள்ள குழாயை அதிக அழுத்தம் மேலும் உடைத்துவிடும் என்பதால், குழாயின் வயதை வேலையாட்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓர் அறிகுறியை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. வீட்டில் எவரும் நீரைப் பயன்படுத்தாத வேளையிலும், மழைக்குப் பின் குழாயில் நீர் ஓடிக்கொண்டிருந்தால், நிலத்தடி நீர் உள்ளே கசிகிறது என்று பொருள். அது மண்ணையும் இழுத்துவருவதால் குழாயைச் சுற்றி வெற்றிடம் உண்டாகி, ஒருநாள் மேலே உள்ள தரை உள்வாங்கக்கூடும்.

கேள்வி: தோண்டாமலே குழாய்க்குள் புதுக்குழாய் உருவாக்கலாம் என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நம்பலாம்; இம்முறைக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான அனுபவம் உண்டு. எரிக் வுட் என்பவர் 1971இல் லண்டனில் ஒரு பழைய கழிவுநீர்க் குழாயில் இதை முதலில் செய்துகாட்டினார். பிசினில் ஊறவைத்த கம்பளித் துணி போன்ற உறையைக் குழாய்க்குள் நீரழுத்தத்தால் செலுத்தி, சூடான நீரால் இறுகச் செய்வது இதன் அடிப்படை. இப்போது நீராவியும் புறஊதா ஒளியும்கூடப் பயன்படுகின்றன. இறுகியபின் இணைப்பே இல்லாத உட்சுவர் கிடைப்பதால் வேர் நுழைய வழியில்லை.

ஆனால் உறை பழைய குழாயின் வடிவத்தையே ஏற்கும். அமிழ்ந்த குழாயில் உறை பொருத்தினால் அமிழ்ந்த புதுக்குழாய்தான் கிடைக்கும். ஆகவே வாட்டம் கெட்ட துண்டைத் தோண்டித்தான் சரிசெய்ய வேண்டும். நொறுங்கி விழுந்த பகுதிக்கும் இது உதவாது. பக்கவாட்டு இணைப்புகளை உறை மூடிவிடும் என்பதால், அவற்றை மீண்டும் வெட்டித் திறப்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிசின் இறுகும்போது கடுமையான நெடி எழும். தரை வடிகால்களின் நீர்ப்பொறிகளில் (நீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவுகளில்) நீர் ஊற்றி வைத்து, சன்னல்களைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பின் கான்கிரீட் குழாயில், கழிவுநீர் அடியில் ஓடியும் மேற்பகுதிதான் அரித்துள்ளது. ஏன்? ஆளை இறக்கிப் பார்க்கலாமா?

பதில்: காற்றில்லாத படிவில் வாழும் நுண்ணுயிரிகள், நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. அது மேலெழுந்து ஈரமான கூரைப்பகுதியில் படியும்போது, வேறு நுண்ணுயிரிகள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. அந்த அமிலமே கான்கிரீட்டைத் தின்கிறது. நீர் தேங்காமல் ஓடச் செய்வதும் காற்றோட்டம் தருவதும் அரிப்பைக் குறைக்கும்.

ஆளை இறக்கவே கூடாது. அதே வாயு உயிரைப் பறிப்பது. தொடக்கத்தில் அழுகிய முட்டை போல் நாறினாலும், பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு என்ற அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. மூடியைத் திறந்து சற்று நேரம் விட்டதால் பாதுகாப்பு வந்துவிடாது. மயங்கியவரைக் காக்க இறங்கியவரும் இறந்த துயரங்கள் பல. பார்ப்பதற்குக் கேமராவும், வண்டலை எடுப்பதற்கு உறிஞ்சும் வண்டியும் மேலிருந்தே வேலை செய்யும். அவற்றுக்கான செலவை முதலிலேயே உங்கள் பராமரிப்பு நிதியில் ஒதுக்கிவையுங்கள்.