செடிக்கு நரம்பே இல்லையே, அப்புறம் சிக்னல் எப்படி போகுது? அதுல என்சைம்க்கு என்ன வேலை?

எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி இது, இலைத்துளையை, அதாவது இலையில காத்தும் நீராவியும் போய் வர்ற குட்டித் துளையை, வச்சே சொல்றேன்.

ஒவ்வொரு துளைக்கும் ரெண்டு பக்கமும் அவரை விதை மாதிரி காப்பு செல் இருக்கும். ரியோ செடி இலையோட அடித்தோலை உரிச்சு மைக்ரோஸ்கோப்ல பாருங்க, ஊதா செல்லுக்கு நடுவுல இது மட்டும் பச்சையா தெரியும், அவ்ளோ அழகு. இது தண்ணி ஏறி உப்பினா துளை திறக்கும், தொய்ஞ்சா மூடும்.

மண்ணு காய்ஞ்சா செடிக்குள்ள அப்சிசிக் ஆசிட்ங்கிற ஹார்மோன் கூடும். இங்கதான் என்சைம் வருது. ஓஎஸ்டி1னு ஒரு கைனேஸ், மத்த புரதத்துல பாஸ்பேட்டை ஒட்டுறது அதோட வேலை, ஆனா சாதாரண நேரத்துல பிபி2சிங்கிற பாஸ்படேஸ் அதுமேல இருக்கிற பாஸ்பேட்டை பிச்சு எடுத்து அதை அடக்கியே வச்சிருக்கும். ஹார்மோன் வந்து, அதைப் பிடிச்சுக்கிற புரதமான ரிசெப்டர்ல உக்காந்ததும் அந்த ரிசெப்டர் போய் பிபி2சியை அடைச்சிடும், கைனேஸ் விடுபட்டு செல் சவ்வுல வாசல் மாதிரி இருக்கிற ஸ்லாக்1ங்கிற சேனல்ல பாஸ்பேட்டை ஒட்டும், சேனல் திறந்து குளோரைடு, நைட்ரேட் எல்லாம் வெளிய போகும், பின்னாடியே பொட்டாசியம், அதுக்குப் பின்னாடி தண்ணி, செல் தொய்ஞ்சு துளை மூடிக்கும். எல்லாம் சில நிமிஷத்துல!

கவனிச்சீங்களா, ஹார்மோன் கைனேஸை நேரா தட்டி எழுப்பல, அதைப் பிடிச்சு வச்சிருக்கிறவனைத்தான் பிடிக்குது. ஹார்மோன் 1960கள்லயே தெரியும், இந்த ரிசெப்டர் சிக்கினது 2009லதான்.

ஆராய்ச்சிக்கு நிறைய பயன்படுத்துற அராபிடாப்சிஸ்ங்கிற சின்னச் செடியில ஓஎஸ்டி1 கெட்டுப்போனா வறட்சியிலயும் துளை மூடாது, தண்ணி ஆவியாகிக்கிட்டே இருக்கிறதால இலை சில்லுனு இருக்கும், வெப்ப கேமராவுல அந்தக் குளிர்ச்சியைப் பார்த்துதான் அப்படிப்பட்ட செடியையே கண்டுபிடிச்சாங்க.